ஒரே ராத்திரியில் ஒரு கிலோ ஏறுமா? எடை மெஷின் புதிதாக வாங்கியவர்களுக்கு

மும்பைக்கு வேலைக்காக வந்து சேரும் நம் ஆட்களில் பலர் ஓராண்டுக்குள் ஒரு எடை மெஷின் வாங்கிவிடுகிறார்கள். ஊரில் இருந்தவரை சாப்பாட்டுக்கென்று ஒரு நேரம் இருந்திருக்கும். இங்கே காலையில் ஸ்டேஷன் வாசலில் வடா பாவ், மதியம் ஆபீஸ் கேன்டீன், ராத்திரி பதினொரு மணிக்கு ஏதோ ஒரு பார்சல். பேண்ட் இறுகத் தொடங்கியதும் மெஷின் வீட்டுக்கு வருகிறது.

கூடவே குழப்பமும் வருகிறது. திங்கட்கிழமை 72.4 காட்டிய மெஷின் செவ்வாய்க்கிழமை 73.1 காட்டும். ராத்திரி இரண்டு சப்பாத்திதானே சாப்பிட்டோம், எப்படி 700 கிராம் ஏறும்? அன்றைக்குக் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவார்கள். மறுநாள் கொஞ்சம் இறங்கும். பட்டினி வேலை செய்கிறது என்று நம்பி இன்னொரு வேளையையும் விடுவார்கள். வாரக் கடைசியில் வயிறார ஒரு சாப்பாடு சாப்பிட்டதும் எண் பழையபடி ஏறிவிடும். அத்தோடு மெஷின் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும். மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் வாக்கிங் வரும் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் முயற்சியைக் கைவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவர்கள் பார்த்துப் பயந்த அந்த 700 கிராமில் கொழுப்பு என்பது கிட்டத்தட்ட இல்லை.

உடம்புக்கு ஒன்றுமில்லாத ஒருவருக்கே இன்றைக்கும் நாளைக்கும் ஒரு கிலோ வித்தியாசம் வரும். சில சமயம் இரண்டு கிலோகூட வரும். அது எங்கிருந்து வருகிறது, அதை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டால் இந்தத் தவிப்பு தேவைப்படாது.

முதலில் ஒரு பாட்டில் தண்ணீர்

மெஷின் கைக்கு வந்த அன்றே இதைச் செய்து பாருங்கள். மெஷினில் ஏறி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை முழுவதும் குடித்துவிட்டு மறுபடி ஏறுங்கள். அரை கிலோ கூடியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அது பாட்டிலில் இருந்தாலும் வயிற்றில் இருந்தாலும் மெஷினுக்கு ஒன்றுதான். ஓரிரு மணி நேரத்தில் சிறுநீராகப் போனதும் எண் இறங்கிவிடும்.

நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். அது போக, குடலில் இருக்கும் சாப்பாடு, தசையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, எலும்பு, கொழுப்பு, போட்டிருக்கும் சட்டை எல்லாவற்றையும் சேர்த்து மெஷின் ஒரே எண்ணாகக் காட்டுகிறது. இதில் கொழுப்பு மெதுவாகத்தான் மாறும். ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், அன்றாடம் உடம்பு செலவழிக்கும் அளவுக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒரு வடா பாவுக்கு 300 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான மூன்று வேளைச் சாப்பாட்டையும் முடித்துவிட்டு, அதற்கு மேல் சுமார் 25 வடா பாவ் சாப்பிட்டால்தான் அந்தக் கணக்கு வரும். அப்படி யாரும் சாப்பிடுவதில்லை. ஆகவே ராத்திரிக்கு ராத்திரி ஏறும் எடை வேறு எங்கிருந்தோ வருகிறது.

மெஷினை எங்கே வைப்பது

மெத்தை விரிப்பு, கால்மிதி, கார்பெட் எதன் மேலும் வைக்கக் கூடாது. கெட்டியான, சமமான தரை வேண்டும். பாத்ரூமில் வைப்பது பலருக்கும் வழக்கம். ஆனால் தண்ணீர் ஓடுவதற்காக பாத்ரூம் தரையைச் சாய்வாகத்தான் போட்டிருப்பார்கள். சாய்வில் வைத்த மெஷின் இடத்துக்கு இடம் வேறு எண் காட்டும். மழைக்காலத்து ஈரத்தில் பேட்டரி முனையும் துருப்பிடிக்கும். அறையில் ஒரு டைல்ஸைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் அதன் மேலேயே வையுங்கள்.

மெஷின் சரியா என்று பார்க்க ஒரு 5 கிலோ அரிசி மூட்டை போதும். முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், அப்புறம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம் 5 கிலோவை ஒட்டி வர வேண்டும். 100, 200 கிராம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. இறங்கி ஏறினாலும் ஒரே எண்ணையே காட்டும் மெஷின்களும் உண்டு. கடைசியாகக் காட்டிய எடையை நினைவில் வைத்துக்கொண்டு, வித்தியாசம் சின்னதாக இருந்தால் பழையதையே திருப்பிச் சொல்லும். மூட்டையோடு ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டுப் பார்த்தால் அது கலையும்.

வீட்டில் ஒன்று, ஜிம்மில் ஒன்று, ஸ்டேஷனில் நாணயம் போடும் மெஷினில் ஒன்று என்று பார்த்து ஒப்பிடாதீர்கள். ஏதாவது ஒன்றை மட்டும் நம்புங்கள்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின்கள் பாதத்தின் வழியே மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அதை உடம்பு எவ்வளவு தடுக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகின்றன. உடம்பில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கணக்கு ஆடும். ஒரு நாளில் 2 சதவீதம் கொழுப்பு கரைந்தது என்று அது சொன்னால் நம்ப வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வகை மெஷினில் ஏறவே கூடாது.

எப்போது ஏறுவது

காலையில் எழுந்ததும் பாத்ரூம் போய்விட்டு, காபிக்கு முன்னால், எப்போதும் ஒரே மாதிரி மெல்லிய உடையில். அவ்வளவுதான் விதி. நைட் ஷிப்ட் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். மதியம் இரண்டு மணிக்குத் தூங்கி எழுந்தால் அதுதான் உங்கள் காலை.

ராத்திரி படுக்கும்போது பார்த்த எடையைவிடக் காலையில் அரை கிலோ, ஒரு கிலோ குறைவாக இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு. காலையில் போன சிறுநீர் அதில் ஒரு பகுதி. மீதி மூச்சோடும் தோல் வழியாகவும் கண்ணுக்குத் தெரியாமல் போனது. நாள் முழுக்க இப்படிப் போவது முக்கால் லிட்டர் அளவுக்கு வரும். இதை முதலில் பொறுமையாக அளந்து பார்த்தவர் இத்தாலியின் பதுவை நகரில் மருத்துவப் பேராசிரியராக இருந்த சாண்டோரியோ. தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பிடுவது, குடிப்பது, கழிப்பது எல்லாவற்றையும் சுமார் முப்பது ஆண்டுகள் எடை போட்டார். உள்ளே போன அளவுக்கு வெளியே வந்தது இல்லை, பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமலே போகிறது என்று 1614இல் எழுதி வைத்தார். ஒரே ஆளின் எடை நாளுக்குள்ளேயே இவ்வளவு ஆடும் என்பதற்கு நானூறு ஆண்டுக்கு முந்தைய சாட்சி அது.

ஏறியதற்குக் காரணம் தேடும்போது உப்பிலிருந்து தொடங்குங்கள்

என் அனுபவத்தில், இந்த ஊரில் திடீரென்று ஏறும் எடைக்கு முதல் காரணம் உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. நம் ரத்தத்தின் உப்பளவுக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும் கணக்கு அது. கூடுதலாகப் போன உப்பை உடம்பு அப்படியே வைத்திருக்காது, அதற்கேற்ற தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். வழக்கத்தைவிட நாலைந்து கிராம் உப்பு உடம்பில் தங்கினால் சுமார் அரை லிட்டர் தண்ணீர் தங்குகிறது. மெஷினில் அது அரை கிலோ.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது. ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். ஒரு ஞாயிற்றுக்கிழமையை யோசித்துப் பாருங்கள். காலையில் மிசல் பாவ், மேலே தூவிய ஃபர்சான் என்ற மிக்சர். மதியம் மாட்டுங்காவில் சாம்பார், ரசம், அப்பளம், ஊறுகாய் என்று ஒரு முழுச் சாப்பாடு. சாயங்காலம் பாவ் பாஜி. பாவிலேயே உப்பு உண்டு, பாஜியில் உண்டு, மேலே போடும் வெண்ணெயிலும் உண்டு. ராத்திரி பசித்தால் பாக்கெட் நூடுல்ஸ். திங்கட்கிழமைக் காலையில் மோதிரம் இறுகும், முகம் கொஞ்சம் உப்பியிருக்கும், மெஷின் ஒரு கிலோ கூடுதலாகக் காட்டும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். நீங்கள் எதையும் செய்ய வேண்டியதில்லை. தண்ணீரைக் குறைத்தால் எடை குறையும் என்று மட்டும் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தாகத்துக்குக் குடியுங்கள்.

அரிசி, சப்பாத்தி நிறுத்திய முதல் வாரம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அதிகம் பேரை ஏமாற்றுவது இந்த வாரம்தான்.

நாம் சாப்பிடும் சோறு, சப்பாத்தி, உருளைக்கிழங்கு எல்லாம் சர்க்கரையாக மாறி, அதில் ஒரு பங்கு கிளைகோஜன் என்ற பெயரில் ஈரலிலும் தசையிலும் சேமிப்பாகிறது. ஈரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 300, 400 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு 3 கிராம் அளவுக்குத் தண்ணீரை வைத்துக்கொள்ளும். திடீரென்று சோற்றை நிறுத்தினால் உடம்பு இந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கும், அதோடு இருந்த தண்ணீரும் போய்விடும். ஆகவே முதல் வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்துவிடும். டயட் அற்புதமாக வேலை செய்கிறது என்று எல்லோரிடமும் சொல்வோம்.

இரண்டாம் வாரம் எண் நகராது. கரைய வேண்டிய சேமிப்பு கரைந்துவிட்டது, இனிக் கொழுப்புதான் குறைய வேண்டும், அது மெதுவாகத்தான் குறையும். அந்த நேரத்தில் யார் வீட்டிலாவது கல்யாணமோ, ஒரு நல்ல பிரியாணியோ வந்தால், சேமிப்பு ஒரே நாளில் பாதிக்கு மேல் நிரம்பும், தண்ணீரும் கூடவே வரும். ஒரு கிலோ திரும்பி வந்துவிட்டது! இரண்டு வாரப் பாடு ஒரு சாப்பாட்டில் போச்சே என்று மனசு உடையும். உண்மையில் எதுவும் போகவில்லை. முதலில் குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர், இப்போது ஏறியதும் தண்ணீர். இடையில் கொஞ்சம் கொழுப்பு கரைந்திருந்தால் அது கரைந்ததுதான், அந்தப் பிரியாணியால் அது திரும்பி வராது.

சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் விரதம் இருக்கிறவர்கள் மறுநாள் பார்க்கும் எடையும் இதே கணக்குதான். குடல் காலியாக இருக்கும், சேமிப்பு குறைந்திருக்கும். விரதம் முடிந்து இரண்டு நாளில் எண் பழைய இடத்துக்கு வந்துவிடும். பக்திக்காக இருங்கள், எடைக்கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வியர்வை, வலி, மாதவிடாய், பயணம்

மே மாதத்து மும்பையில் ஒரு மணி நேரம் நடந்தால் அரை லிட்டருக்கு மேல் வியர்வை போவது சாதாரணம். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அது ஆறாமல் சட்டையோடு ஒட்டும். நடந்து வந்ததும் மெஷினில் ஏறினால் எடை குறைந்திருக்கும். தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும், திரும்பத்தான் வேண்டும். வயிற்றில் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு ஓடுவது, வியர்க்க வைக்கும் பெல்ட் கட்டிக்கொள்வது எல்லாம் தண்ணீரைத்தான் போக்கும். இந்த வெயிலில் அது ஆபத்தும்கூட. அதே மாதிரி மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து இரண்டு கிலோ குறைந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. உடனே ஓஆர்எஸ் கரைத்துக் குடிக்க வேண்டிய நேரம் அது.

ஜிம்மில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் இரண்டு வாரம் எடை ஏறலாம். பழக்கமில்லாத பயிற்சியால் தசை நாரில் சின்னச் சின்னச் சேதம் ஏற்படும், அதைச் சரிசெய்ய அங்கே நீர் கோக்கும். உடம்பு வலிக்கும் நாளில் எண் கூடுதலாக இருப்பது அதனால்தான். கிரியேட்டின் பவுடர் எடுப்பவர்களுக்கும் தசையில் நீர் சேர்ந்து ஒரு கிலோவோ அதற்கு மேலோ கூடும்.

பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். சிலருக்கு அரை கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ வரை. தொடங்கிய சில நாளில் அது வடிந்துவிடும். ஆகவே இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். போன மாதம் இதே நாட்களில் எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். வீட்டில் அண்ணனோ கணவனோ கூடவே டயட் இருந்து, அவர் எடை நேர்கோட்டில் இறங்கும்போது உங்களுடையது ஏறி இறங்கினால் உங்கள் முயற்சியில் குறை என்று நினைக்காதீர்கள். உடம்பின் இயல்பே வேறு.

ஊருக்குப் போய்த் திரும்பிய மறுநாள் மெஷினில் ஏறவே வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு முழு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்தே வருகிறார்கள். கால் வீங்கும், வயிறு சரியாகப் போகாது, வழியெல்லாம் முறுக்கும் புளிச்சோறும். சாப்பிட்டது குடலைக் கடந்து வெளியேற சாதாரணமாகவே ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும், மலச்சிக்கல் இருந்தால் இன்னும் அதிகம். நாலு நாள் கழித்துப் பாருங்கள்.

ஏழு நாளைக் கூட்டி வகுங்கள்

தினமும் ஏறிக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் தினசரி எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். வாரம் முடிந்ததும் ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் பாருங்கள்.

முதலில் சொன்ன 72.4, 73.1 கணக்கையே எடுத்துக்கொள்வோம். அந்த வாரத்து எண்கள் திங்கள் முதல் ஞாயிறு வரை 72.4, 73.1, 72.8, 72.2, 72.9, 73.5, 72.6 என்று வைத்துக்கொண்டால் சராசரி 72.8. அடுத்த வாரம் 72.7, 72.3, 72.0, 73.0, 72.6, 72.1, 72.2. சராசரி 72.4. திங்களுக்குத் திங்கள் ஒப்பிட்டவர் 300 கிராம் ஏறிவிட்டது என்று சோர்ந்துபோவார். சராசரி பார்த்தவருக்கோ 400 கிராம் குறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே உடம்பு, ஒரே இரண்டு வாரம். சராசரியிலும் உப்பும் தண்ணீரும் கொஞ்சம் கலந்துதான் இருக்கும் என்பதால், மூன்று நாலு வாரச் சராசரிகளை வரிசையாக எழுதிப் பார்த்த பிறகே சாப்பாட்டை மாற்றலாமா என்று யோசியுங்கள். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரை கிலோ வரை குறைந்தால் நல்ல வேகம்.

போனில் இதற்கு ஆப் உண்டு. காலண்டர் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாலும் போதும்.

கூடவே மாதம் ஒரு முறை டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், தொப்புளை ஒட்டி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். நம் நாட்டவர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருப்பது நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எடை நகராத மாதத்தில் இடுப்பு குறைந்திருந்தால் நீங்கள் சரியான வழியில்தான் போகிறீர்கள்.

தினமும் எண்ணைப் பார்த்தால் மனசு கெடுகிறது, சாப்பிடவே பயமாக இருக்கிறது என்றால் வாரம் ஒரு முறை போதும். அதுவும் கஷ்டமென்றால் டேப் மட்டும் போதும். வீட்டில் வளரும் பெண் பிள்ளைகளோ பையன்களோ இருந்தால், அவர்களைத் தினமும் மெஷினில் ஏற்றி எண்ணைச் சொல்லிக் கேலி செய்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வளரும் வயதில் எடை ஏறத்தான் செய்யும்.

டாக்டரிடம் போக வேண்டிய மாற்றங்கள்

இதுவரை சொன்னது ஏறி, தானாகவே இறங்கும் எடை. இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் கதை வேறு. மூன்று நாளுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறி, கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, படுத்தால் மூச்சு முட்டினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். இதயமோ சிறுநீரகமோ சரியாக வேலை செய்யாமல் தண்ணீர் தேங்குவதாக இருக்கலாம். ஏற்கெனவே இதய நோய்க்கு மருந்து சாப்பிடும் அப்பா அம்மா வீட்டில் இருந்தால், அவர்களுக்குத் தினசரி எடை உண்மையிலேயே முக்கியம். எத்தனை கிலோ ஏறினால் வர வேண்டும் என்று அவர்கள் டாக்டரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு முகமும் கையும் திடீரென வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ வந்தால் தாமதிக்கவே கூடாது. ஸ்டீராய்டும் சில ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளும்கூட நீர் கோக்க வைக்கும். சந்தேகம் வந்தால் கேளுங்கள், மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள்.

முயற்சி எதுவும் செய்யாமல் எடை குறைவதும் கவனிக்க வேண்டியது. ஆறு மாதம், ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 சதவீதம், அதாவது 70 கிலோ ஆளுக்கு மூன்றரை கிலோ, காரணமில்லாமல் குறைந்தால் காட்டிவிடுங்கள். தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்திருந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு என்று இருந்தால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். நெருக்கமாக வாழும் இந்த நகரத்தில் அது யாருக்கும் வரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளில் அதற்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். போகும்போது நீங்கள் குறித்துவைத்த எடைத் தாளையும் எடுத்துப் போங்கள். எப்போது குறையத் தொடங்கியது என்று டாக்டர் கேட்பார், அந்தத் தாளில் பதில் இருக்கும்.